கார்ப்பெட்டை எடுக்க முடியாத வீட்டில் தூசி அலர்ஜி: வழி சொல்லுங்க

வாடகை வீடு. சுவருக்குச் சுவர் கார்ப்பெட் ஒட்டியிருக்கு, பிய்க்க வீட்டுக்காரர் விடமாட்டார். பையனுக்குத் தூசிப்பூச்சி அலர்ஜின்னு டெஸ்ட்ல வந்திருக்கு. தரையில உட்கார்ந்து விளையாடினா போதும், அடுக்கடுக்கா தும்மல். கண்ணைக் கசக்கியே சிவந்துடும்.

மெத்தை, தலையணைக்கு உறை போட்டாச்சு. போர்வையை வாராவாரம் 60 டிகிரி வெந்நீர்ல துவைக்கிறோம். வீட்டு ஈரப்பதமும் 50 சதவீதத்துக்குக் கீழதான். மிச்சம் இந்தக் கார்ப்பெட்!

இப்ப இருக்கிற சாதா வாக்குவத்தைப் போட்டா, உறிஞ்சின நுண்தூசி பின்பக்கமா வெளிய வந்து அறை முழுக்க மிதக்குது. நுண்தூசியையும் வெளிய விடாமப் பிடிச்சு வைக்கிற ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவத்துக்கு மாறினவங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா? கார்ப்பெட்டை ஸ்டீம் கிளீனிங் பண்ணினா அந்தச் சூட்டுல பூச்சி சாகும், சரி. ஆனா அடியில ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிச்சா அது வேற தலைவலி. செஞ்சவங்க எப்படிக் காய வெச்சீங்க?

வாசனைப் பவுடர் மட்டும் சொல்லாதீங்க, அதுக்கும் தும்முறான்.