பழைய மிக்ஸ்டேப்பின் பாடல்கள் இன்றைய பதிப்பில் ஏன் இல்லை?

பொங்கோல் மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ராப் பாடகர் லில் வெய்ன் 2009இல் இலவசமாக வெளியிட்ட 'நோ சீலிங்ஸ்' மிக்ஸ்டேப்பை (பாடல் தொகுப்பை) என் அண்ணன் அப்போதே பதிவிறக்கி வைத்திருந்தார். 2020இல் இசைச் செயலிகளில் வெளிவந்த பதிப்பை அதோடு ஒப்பிட்டபோது, பல பாடல்கள் விடுபட்டிருப்பதைக் கண்டேன். காரணம் என்ன? பல மிக்ஸ்டேப்புகளின் அட்டையில், பாடல்களைத் தொகுத்து ஒலிக்கவிடும் டிஜேயின் பெயரும் பெரிதாக இடம்பெறுவது ஏன் என்பதும் விளங்கவில்லை. பாட்டின் நடுவே அவர் குரல் கொடுப்பது எனக்கு இடையூறாகவே படுகிறது.

ஈசூன் வாசகி:
உரிமைச் சிக்கல்தான் காரணம். அக்கால மிக்ஸ்டேப்பில் ராப்பர் மற்றவருடைய வெற்றிப் பாடலின் இசையை எடுத்து, அதன்மேல் தம் வரிகளைப் பாடுவார். இலவசமாகக் கொடுத்த காலம் வரையில் பெரும்பாலும் அனுமதி பெறுவதில்லை. செயலியில் வெளியிட ஒவ்வோர் இசைக்கும் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். பிறர் மெட்டில் தம் சொல்லை ஏற்றுவது நமக்கும் பழகிய வழிதான்: நந்தன் சரித்திர மெட்டுகளில் பாரதியார் பாடல்கள் எழுதியிருக்கிறார்.

தெம்பனிஸ் பெரியவர்:
தம்பி, டிஜேயைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தில் வேர்விட்ட இந்த ஹிப்ஹாப் இசை, 1979இல் இசைத்தட்டுகளில் வரத் தொடங்கும்வரை, விருந்துகளில் பதிவான கேசட்டுகள் வழியாகவே கைமாறிப் பரவியது. அவற்றின் நாயகன் டிஜேதான். 1990களில் டிஜே க்ளூ போன்றோர் வெளிவராத பாடல்களைத் தேடிப்பிடித்துத் தொகுத்தார்கள். நடுவே ஒலிக்கும் குரல், வேறொருவர் அதைப் படியெடுத்துத் தமதென்று விற்காதபடி இட்ட முத்திரையாகும்.

டிஜேயின் கைவண்ணத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர டிஜே ஸ்க்ரூ, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை, ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பின்தங்கும்படி ஓடவிட்டு, மாறி மாறித் தாவுவார். ஒரே சொல் இருமுறை விழும். முழுவதையும் வேகம் குறைத்துக் கேசட்டில் இறக்குவார். நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அத்தகைய கேசட்டை முதன்முதலில் போட்டபோது, நாடா சிக்கிக்கொண்டது என்றெண்ணி, நிறுத்தி, மூடியைத் திறந்து பார்த்தேன். நாடா சரியாகத்தான் இருந்தது. அன்றிரவு அதை மூன்று முறை கேட்டேன்.

பொங்கோல் மாணவன்:
மிக்க நன்றி ஐயா. இசை நிறுவனங்களே டிஜேக்களுக்குப் பாடல்களைக் கொடுத்தன என்று படித்தேன். பிறகு மிக்ஸ்டேப் தொகுத்த டிஜேக்களைக் கைது செய்தது ஏன்?

ஈசூன் வாசகி:
எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது. சுடப்பட்ட பின் இசை நிறுவனத்தால் கைவிடப்பட்ட ராப்பர் 50 சென்ட், மிக்ஸ்டேப்புகளால் பெயர் பெற்றே 2002இல் பெரிய ஒப்பந்தத்தை அடைந்தார். அந்த விளம்பரத்தின் பயனை நிறுவனங்கள் அனுபவித்தன. ஆயினும் 2007 ஜனவரியில் அட்லாண்டாவில் மிக்ஸ்டேப் டிஜேக்களான டிஜே டிராமாவும் டான் கேனனும் கைதானார்கள். பல்லாயிரம் குறுவட்டுகள் பறிமுதலாயின. சட்டப்படி அனுமதி இல்லை என்பது உண்மைதான், ஆனால் பாடல்களைக் கொடுத்த கைகளை யாரும் கேள்வி கேட்கவில்லை. அதே டிராமா நடுவே குரல் கொடுத்த, 'டைலர், தி கிரியேட்டர்' என்ற ராப்பரின் 2021ஆம் ஆண்டுத் தொகுப்பு, மறு ஆண்டு கிராமி விருது பெற்றது.

அண்ணனின் கோப்புகளை இன்னொரு வன்தட்டிலும் படியெடுத்து வையுங்கள். விடுபட்ட பாடல்கள் அவற்றில்தான் இருக்கின்றன.