தாளில் எழுதி வைத்து வாசித்தால் அது ஜாஸ் ஆகுமா?

நீலச்சுரம்:
மேற்கத்தியச் செவ்வியலும் ஜாஸும் கலந்த இசையில் நான் தேடுவது மனோதர்மத்தை. சோவியத் இசையமைப்பாளர் நிக்கொலாய் கபூஸ்தின் பியானோவுக்கு எழுதிய எட்டு கச்சேரி எட்யூடுகளில் (பயிற்சி வடிவத் துண்டுகள், 1984) கடைசிச் சுரம் வரை அச்சில் இருக்கிறது. ஜாஸின் உச்சரிப்பு இருக்கிறது, பேச்சு இல்லை.

தாள்வாசகன்:
கபூஸ்தின் தன்னை ஜாஸ் கலைஞர் என்று சொல்லிக்கொண்டதே இல்லையே! ஜாஸின் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக் கொத்துகள்) வைத்து சொனாட்டா என்ற செவ்வியல் வடிவத்தைக் கட்டினார். கட்டுமானத்தைக் கேளுங்கள்.

நீலச்சுரம்:
1924 பிப்ரவரி 12, நியூயார்க்கில் ஜார்ஜ் கெர்ஷ்வின் பியானோவுக்கும் ஜாஸ் இசைக்குழுவுக்கும் எழுதிய 'ராப்சடி இன் ப்ளூ' அரங்கேறியபோது, அவரே வாசித்த பியானோ பகுதி முழுதாக எழுதப்படவே இல்லை. அவர் தலையசைக்கும் வரை காத்திருக்கும்படி இசைக்குழுவுக்கான தாளில் குறிப்பு இருந்தது. கலவை பிறந்ததே அப்படித்தான்.

தாள்வாசகன்:
அதே படைப்பின் தொடக்கத்தைப் பாருங்கள். கெர்ஷ்வின் எழுதியது 17 சுரங்கள் ஏறும் வரிசை. ஒத்திகையில் குழுவின் ராஸ் கோர்மன் கிளாரினெட்டில் அதை வழுக்கி இழுத்தார், கெர்ஷ்வினுக்குப் பிடித்துப்போனது. இன்று எல்லாரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். அன்றைய மனோதர்மம் இன்றைய பாடம் ஆகிவிட்டது. அதனால் உயிர் போய்விட்டதா?

பேஸ்பக்கம்:
இருவரும் தாளத்தை விட்டுவிட்டீர்கள். கலவை பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். ஜாஸில் ஓர் அடிக்குள் வரும் இரண்டு சுரங்களை நெடில்-குறிலாக வாசிப்பதுதான் ஸ்விங். மிதமான வேகத்தில் அது ஏறக்குறைய 2:1, அதாவது அடியை மூன்றாகப் பிரித்தால் முதல் சுரத்துக்கு இரண்டு பங்கு. வேகம் கூடக் கூட அது 1:1 பக்கம் நகரும். இதைப் புள்ளி வைத்த சுரமாக எழுதிக் கொடுத்தால் வயலின்காரர்கள் அச்சுப் பிசகாமல் 3:1 வாசிப்பார்கள், அணிவகுப்பு மாதிரி விறைத்துவிடும். போதாததற்கு வில்லில் ஒலி எழ ஒரு கணம் பிடிக்கும், டிரம்ஸுக்குப் பின்னால் இழுபடும். ஜாஸ் பியானோ கலைஞர் குளோட் போலிங், செவ்வியல் புல்லாங்குழல் கலைஞர் ஜான்-பியேர் ராம்பாலுக்கு எழுதிய தொகுப்பு இதில் சிக்கவில்லை. புல்லாங்குழல் பெரும்பாலும் செவ்வியல் நடையிலேயே நேராகப் போகிறது, ஸ்விங் பியானோ, பேஸ் (கீழ்ச்சுரத் தந்தி வாத்தியம்), டிரம்ஸிடம். முதல் தடவை குழலை விட்டு பேஸைப் பின்தொடருங்கள், சேரும் இடம் தானாகத் தெரியும்.

நீலச்சுரம்:
தாளம் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜாஸ் பியானோ கலைஞர் ஜாக் லூசியே வாசித்த பாகின் சி மேஜர் பிரெலூடை (முன்னிசைத் துண்டு) 1959 பதிவிலும், 1985இல் அவர் அமைத்த மூவர் குழுவான டிரியோவுடனும் கேளுங்கள். பாக் கிளம்புகிற இடம் ஒன்று, போய்ச் சேருகிற வழி வேறு. கபூஸ்தினை எத்தனை பேர் வாசித்தாலும் வழி ஒன்றேதான்.

தாள்வாசகன்:
வழி ஒன்றுதான், நடை ஒன்றல்ல. இடது கையை பேஸ் நடை மாதிரி விட்டு விட்டு அடிப்பவரையும், பெடலில் கரைத்துவிடுபவரையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒருவரிடம் ஆடுகிற அதே பக்கம் மற்றவரிடம் படுத்துவிடும்.