'லிஹோய்': வீரனுக்கும் தீமைக்கும் ஒரே சொல்லா?

கேள்வி:
ரஷ்ய மொழி பயின்றுவரும் எனக்கு 'லிஹோய்' என்னும் பெயரடை தீராத ஐயத்தைத் தருகிறது. துணிந்து குதிரையேறுபவனைப் பாராட்டவும் அச்சொல் வருகிறது. குற்றங்கள் மலிந்த 1990களை ரஷ்யர்கள் 'லிஹீயே' ஆண்டுகள் என்று நினைவுகூரும்போதும் அதுவே வருகிறது. செக் மொழியிலோ 'லிஹீ' என்றால் ஒற்றைப்படை எண். இவை ஒரே சொல்லா, ஒலியால் மட்டும் ஒத்தவையா?

மறுமொழி 1:
ஒரே சொல்தான். ஆதி ஸ்லாவிய 'லிஹு' என்பதன் வேருக்கு 'விட்டு நீங்குதல்' என்று பொருள். கிரேக்க 'லெய்போ', இலத்தீன் 'லிங்க்வோ', வடமொழி 'ரிச்' ஆகியனவும் அதே வேரில் கிளைத்தவை. ஒன்று விட்டு நீங்கினால் இழந்தவரிடம் குறையும், எஞ்சியதில் மிகையும் தோன்றுவதால், ரஷ்யத்தில் 'பறித்தல்' என்னும் பொருளுடைய 'லிஷீத்', 'தேவைக்கு மிஞ்சிய' என்னும் பொருளுடைய 'லீஷ்னி' ஆகிய இரண்டும் இந்த ஒரே சொல்லிலிருந்து பிறந்தன. இணை இணையாகப் பிரித்தபின் மிஞ்சி நிற்பதே ஒற்றை எண்.

குறைபட்டதும் அளவு மீறியதும் கேடு என்ற எண்ணத்தில் 'தீய' என்னும் பொருள் வேரூன்றியது. கிழக்கு ஸ்லாவிய நாட்டுப்புறக் கதைகளில் தீவினையே 'லீஹோ' என்ற ஒற்றைக்கண் கிழவியாக வருகிறாள்; அந்த ஒற்றைக் கண் தற்செயலானதென்று எனக்குத் தோன்றவில்லை. அஞ்சத்தக்கவனின் வேகத்தையும் துணிவையும் மக்கள் வியக்கத் தொடங்கியபோது, அதே சொல் பாராட்டாகவும் மாறியிருக்க வேண்டும்.

மறுமொழி 2:
'லிஹோயிம்ஸ்த்வோ' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'மிகையாக எடுத்துக்கொள்ளுதல்' என்னும் அமைப்புடைய இச்சொல் முதலில் கொடுவட்டியைக் குறித்தது. 1845ஆம் ஆண்டின் ரஷ்யத் தண்டனைச் சட்டத்தில், கடமைக்கு மாறான செயலுக்காக அலுவலர் வாங்கும் கையூட்டுக்குப் பெயராயிற்று. வட்டியைக் குறிக்கும் 'லிஹ்வா'வும் இதே குடும்பம்தானே?

மறுமொழி 3:
நேரடியாக இல்லை. 'லிஹ்வா' ஜெர்மானிய மொழியிலிருந்து வந்த கடன்சொல் என்பதே பெரும்பான்மை அறிஞர் கருத்து. கோதிக் மொழியில் 'லீஹ்வன்' என்றால் கடன் கொடுத்தல். ஒலியும் பொருளும் நெருங்கியிருப்பதால் ரஷ்யர்களே இரண்டையும் இணைத்து உணர்கிறார்கள்.

மறுமொழி 1இல் சுட்டிய 'ரிச்' நம் பஞ்சாங்கத்திலும் இருக்கிறது. சதுர்த்தி, நவமி, சதுர்த்தசி ஆகியவற்றை 'ரிக்தை' திதிகள் என்று கூறி நற்செயல்களுக்கு விலக்குகிறோம். 'ரிக்த' என்றால் வெறுமை. அதனுடன் 'அதி' சேர்ந்த 'அதிரிக்த' என்றால் மிகை. குறையும் மிகையும் அங்கும் ஒரே வேரில் நிற்கின்றன. வெறுமை அங்கும் தீதாகவே எண்ணப்படுகிறது.