ரூம்மேட்டை அவள் காதலன் அடிக்கிறான், சனிக்கிழமை அதைவிட மோசமாக ஏதோ நடந்திருக்கிறது. நான் என்ன செய்யணும்?

ஜன்னல்சீட்டு எழுதியது:

கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறேன், இரண்டாம் வருடம். ரூம்மேட்டும் நானும் முதல் நாளிலிருந்து ஒரே அறை. அவள் காதலிக்கிற பையன் எங்கள் காலேஜிலேயே கடைசி வருடம். போன வருடம் தீபாவளி லீவு முடிந்து வந்தபோது மேல்கையில் நாலு விரல் பதிந்த மாதிரி நீலமாக இருந்தது, பஸ்ஸில் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்றாள். நானும் நம்பினேன், இல்லை, நம்பின மாதிரி இருந்துவிட்டேன். அவளுடைய எல்லா பாஸ்வேர்டும் அவனிடம் இருக்கிறது, லொகேஷன் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும், மெஸ்ஸில் யாரோடு உட்கார்ந்தாள் என்றுகூட போட்டோ அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரி அவன் நண்பன் ரூமுக்குப் போய்விட்டு ஞாயிறு காலை வந்தாள். ஒரு மணி நேரம் பாத்ரூமிலிருந்து வெளியே வரவில்லை. அப்புறம், "வேணாம்னு சொன்னேன்டி, கேக்கலை" என்று மட்டும் சொன்னாள். வெளியே சொன்னால் போட்டோ எல்லாம் அவள் அப்பா போனுக்குப் போகும் என்று மிரட்டியிருக்கிறான். போலீஸ் வேண்டாம், வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணி வைத்துவிடுவார்கள் என்கிறாள். நான் அவள் அம்மாவிடம் சொல்லிவிடலாமா? இன்று திங்கள், மணி காலை பத்து.

---

நைட்டுடூட்டி எழுதியது:

மா, நான் நர்ஸ். மணி எழுதினாயே, அதற்காகவே முதலில் பதில் போடுகிறேன். போலீசா, காலேஜா, வீடா என்பதையெல்லாம் அப்புறம் யோசிக்கலாம். ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் சீக்கிரம் போட்டால்தான் பலன். சனிக்கிழமை ராத்திரியிலிருந்து கணக்குப் போட்டுப் பார்.

குளித்துவிட்டாள், பரவாயில்லை, அதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் இருந்தால் பேப்பர் கவரில் போடு, பிளாஸ்டிக் பையில் ஈரம் கட்டிக் கெட்டுவிடும். அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும் இலவசமாகச் சிகிச்சை தரணும், பி.என்.எஸ்.எஸ். என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397-ம் பிரிவு அதைத்தான் சொல்கிறது, தர மறுத்தால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். அங்கிருந்து போலீசுக்குத் தகவல் போகும், இதை அவளிடம் மறைக்காமல் முன்னாடியே சொல்லிவிடு. ஆனால் 18 வயது தாண்டியவள், வழக்கு இப்போது வேண்டாம் என்றால் அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லலாம், அதைக் காரணம் காட்டி மருந்தை நிறுத்த முடியாது. எந்தப் பரிசோதனைக்கும் அவள் சம்மதம் வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கிற "இரண்டு விரல்" பரிசோதனை என்று யாராவது ஆரம்பித்தால் கூடாது என்று சொல்லுங்கள், 2022-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் செய்பவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கணும் என்று சொல்லியாயிற்று.

அவள் அம்மாவிடம் நீயாகச் சொல்லாதே. ஏற்கெனவே ஒருத்தன் அவளைக் கேட்காமல் எல்லாம் முடிவு பண்ணியிருக்கிறான்.

---

ஜன்னல்சீட்டு:

அக்கா, தனியா ரெண்டு பேரும் போனால் அங்கே என்ன கேள்வி கேட்பார்களோ என்று பயப்படுகிறாள்.

---

நைட்டுடூட்டி:

பெண்கள் உதவி எண் 181-க்கு போன் போடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைத்துவிடச் சொல்லுங்கள். கூட வர ஆள், கவுன்சலிங், வக்கீல், ஐந்து நாள் வரை தங்க இடம் எல்லாம் அங்கே கிடைக்கும். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கவனிப்பார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் கூட ஒருத்தர் நின்றால் கேட்கிறவர்கள் குரல் மாறும், நானே பார்த்திருக்கிறேன்.

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

வக்கீலாக ரெண்டு விஷயம். பெயர் வெளியே வரும் என்ற பயம்தான் பெரிது, அதில் ஆச்சரியமும் இல்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி மேல் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆரே இணையத்தில் கசிந்ததை எல்லோரும் பார்த்தோம். ஆனால் அதற்காக உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவிடம் விசாரணையைக் கொடுத்தது, 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, 30 வருடத்துக்குக் குறையாமல். பெயரை வெளியிடுவது சட்டப்படி குற்றம். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி, அவள் சொல்கிற இடத்தில் வைத்துத்தான் வாங்கணும். எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், "எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்ப முடியாது. பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, அதற்கான போன் நம்பர் 15100.

போலீஸ் வேண்டாம் என்றால் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கிற காலேஜ் உள்புகார்க் குழு இருக்கிறது. ஒரே காலேஜ் என்பதால் அது செல்லும். சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கணும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை முடிகிற வரை அவன் அவள் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு கேளுங்கள், இதை யாரும் தானாகத் தரமாட்டார்கள். "ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கோங்க" என்று ஆரம்பித்தால், சமரசத்தை அவள் கேட்டால் மட்டும்தான் நடத்த முடியும் என்று யு.ஜி.சி.யின் 2015 விதிமுறையைக் காட்டுங்கள்.

---

பழையசார்ஜர் எழுதியது:

போட்டோ மிரட்டல் பற்றி. எதையும் டெலீட் பண்ண வேண்டாம், அவனை பிளாக்கும் பண்ண வேண்டாம், முதலில் மிரட்டின மெசேஜ் எல்லாம் தேதி, நம்பர் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உன் போனுக்கு மாற்று. வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் திறந்து பார், என் தங்கை விஷயத்தில் அவளை மிரட்டின பையனின் லேப்டாப் எட்டு மாதமாக அதில் உட்கார்ந்திருந்தது, நாங்கள் பேசினது எல்லாம் படித்திருக்கிறான். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவதை அவள் போனில் பேசாதே. பாஸ்வேர்டை மாற்றினாலும் லொகேஷனை நிறுத்தினாலும் அவனுக்கு உடனே தெரியும், அவள் பத்திரமான இடத்தில் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பண்ணுங்கள்.

அந்தப் படங்கள் அவள் கையிலும் இருந்தால் அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க உதவுகிற ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) தளத்தில் பதிவு செய்யலாம். படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் எண் அடையாளம் மட்டும்தான் போகும், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கில் அதே படம் ஏறினால் தடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்புவதை அது தடுக்காது, அதற்கு சைபர் கிரைம் புகார்தான்.

---

ஜன்னல்சீட்டு:

மதியம் மூணு மணி. 181-ல் பேசினோம், என் போனில். ஒரு அக்கா ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன் என்றார். வார்டனிடம் பல்வலி என்று சொல்லியிருக்கிறோம். அவள் போன் கட்டிலிலேயே சார்ஜில் கிடக்கிறது, லொகேஷன் ஹாஸ்டலையே காட்டட்டும். போலீஸ் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. சுடிதாரைப் பேப்பர் கவரில் போட்டது அவளேதான். ஆட்டோ வந்துவிட்டது, வந்து எழுதுகிறேன்.