சட்டமன்ற விடுப்பு: உங்கள் வழக்கும் இப்படித் தள்ளிப்போனதா?

ஜான்ஸ் கிரீக், ஜார்ஜியா
அமெரிக்காவில் எங்கள் மாநிலத்தில், வக்கீல் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தால், சட்டமன்றப் பணி என்று ஒரு கடிதம் கொடுத்து வழக்கைத் தள்ளிவைக்கலாம். அந்தக் கடிதம் இங்கே பலருக்குத் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2017. குடித்துவிட்டு ஓட்டியவன் என் கணவரின் காரில் மோதிய வழக்கு. அவனுடைய வக்கீல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். நான்காவது முறையாகப் போயிருந்தோம். நீதிபதி ஒரு தாளைப் பார்த்தார், புதுத் தேதி எழுதினார், அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார். அரசு வழக்குரைஞரின் உதவியாளர் அந்தத் தாளை எங்களிடம் காட்டினார். இரண்டே வரி: சட்டமன்றப் பணி இருப்பதால் வர இயலாது. அது ஆகஸ்ட் மாதம்! ஜார்ஜியாவில் ஜனவரியில் கூடுவார்கள், மொத்தமே 40 அமர்வு நாட்கள்தான். எழுந்தபோது இவருடைய ஊன்றுகோல் வழுக்கித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கும் நீதிபதி நிமிரவில்லை.

ஆஸ்டின், டெக்சஸ்
எங்களுடையது கூரை ஒழுகல். கட்டிக் கொடுத்தவர் மீது வழக்கு, 2015 பிப்ரவரியில் விசாரணை. ஐந்து வாரம் இருக்கும்போது எதிர்த்தரப்பில் புதிதாக ஒரு வக்கீல் சேர்ந்தார், சட்டமன்ற உறுப்பினர். இங்கே ஒற்றைப்படை ஆண்டுகளில் 140 நாட்கள் கூட்டத்தொடர்; அது முடிந்து 30 நாள் வரை வழக்கைத் தொட முடியாது. ஜூலைக்குப் போய்விட்டது. அந்த மே மாதம் டெக்சஸில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கூடத்தில் நான்கு வாளி வைத்து, இரவில் முறை போட்டுக் கொட்டினோம். புது வக்கீலின் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவேயில்லை.

மதுரை
ஜான்ஸ் கிரீக் சகோதரி நீதிபதியைக் குறை சொல்வது சரியல்ல. அன்றைய சட்டம் அவர் கையைக் கட்டியிருந்தது. இங்கே அப்படிச் சலுகை எதுவும் கிடையாது, ஆனாலும் என் அப்பாவின் பாகப்பிரிவினை வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீலான எம்.எல்.ஏ. ஊரில் இல்லை என்றே வாய்தா மேல் வாய்தா. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சம்பளம் வாங்கினாலும் அவர்கள் முழுநேர ஊழியர்கள் அல்லராம். என்னால் அதை இன்றும் ஏற்க முடியவில்லை.

ஹூஸ்டன்
எனக்கு ஒரே ஒரு முறை, வாடகை வழக்கில், இரண்டு மாதம் போனது. அதை விடுங்கள். ஆஸ்டின் அண்ணா, விசாரணைக்கு முப்பது நாளுக்குள் அமர்த்தப்பட்ட உறுப்பினர் என்றால் ஒத்திவைப்பது நீதிபதியின் விருப்பம். ஐந்து வாரம் முன்பே சேர்த்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 1977இல் குழந்தையின் பராமரிப்புத் தொகைக்காகப் போராடிய ஒரு தாயின் வழக்கில், வெய்ட்ஸ் எதிர் சாண்டாக், டெக்சஸ் உச்ச நீதிமன்றம் இந்தச் சலுகைக்கு எல்லை வகுத்தது: தாமதத்தால் ஒருவரின் உரிமை பெரிதாகப் பறிபோகும் என்றால் நீதிபதி கட்டாயம் ஒத்திவைக்க வேண்டியதில்லை. எத்தனை வக்கீல்கள் இதைக் கட்சிக்காரரிடம் சொல்கிறார்கள்? ஜார்ஜியாவில் இருப்பவர்களும் கேளுங்கள். அப்போது அந்த மாநிலக் கீழவைத் தலைவராகவும் வக்கீலாகவும் இருந்த டேவிட் ரால்ஸ்டன் கூட்டத்தொடர் இல்லாத நாட்களுக்கும் விடுப்புக் கேட்டதை 2019இல் அட்லாண்டா பத்திரிகை வெளிக்கொணர்ந்தது. தவறில்லை என்றே அவர் சொன்னார். ஆனால் அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. இப்போது எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம், நீதிபதி மறுக்கலாம். ஒவ்வொரு ஒத்திவைப்பையும் தேதியோடு குறித்து வையுங்கள். கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஆஸ்டின், டெக்சஸ்
தம்பி, ஆட்சேபம் எழுதினோம். வீடு ஒழுகுவது அந்த அளவுக்குப் பெரிய இழப்பாகப் படவில்லை போலும்.

ஜான்ஸ் கிரீக், ஜார்ஜியா
மதுரை ஐயா, சட்டம் கையைத்தான் கட்டியிருந்தது, கண்ணை அல்ல. ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். 2019 திருத்தம் எங்களுக்குப் பயன்படவில்லை, வழக்கு அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது. மோதியதைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி, எதிர்ச்சாரியில் காத்திருந்த பெண்மணி. ஆறாவது விசாரணைத் தேதிக்குள் அவர் ஒரேகனுக்குக் குடிபோய்விட்டார்.