பாஸ்டனில் இத்தாலிய உணவுக் கடைகள் நிறைந்த நார்த் எண்டில் எந்தக் கடைக்குள் நுழைவது? உங்கள் அனுபவம்

மால்டன் மல்லி:
சனிக்கிழமை ராத்திரி ஹனோவர் தெருக் கூட்டம் உங்களுக்கே தெரியும். அம்மாவுக்குக் கால்வலி. வாசலில் மெனுவோடு நின்றவர் "உடனே இடம் தருகிறேன்" என்றதும் நுழைந்துவிட்டோம். மீன், இறைச்சி எதுவும் கூடாது என்று அழுத்திச் சொல்லித்தான் ப்ரோக்கோலியும் பூண்டும் போட்ட பாஸ்தா வாங்கினேன். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏம்மா, இதுல கருவாட்டு வாடை வருதே" என்றார். கேட்டால், "நெத்திலி எண்ணெயில் கரைந்துவிடும், துண்டு எதுவும் இருக்காது" என்று பதில். அம்மா வாயைக் கழுவ எழுந்து போனது இன்னும் மனதை அறுக்கிறது.

குயின்சிக்காரன்:
அங்கே மதியம் போக வேண்டும். அதே தெருவில் கலேரியா உம்பெர்ட்டோ, 2018ல் அமெரிக்க உணவுத் துறையின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கிய கடை. சதுர பீட்சா தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். நான் போனபோது ரொக்கம் மட்டும்தான். எனக்கு முன்னால் நின்ற கட்டட வேலைக்காரருக்குக் கடைசி அரான்சினி (பொரித்த சோற்று உருண்டை) கிடைத்தது. என் மகளின் முகத்தைப் பார்த்தார்; ஒன்றும் பேசாமல் அதை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்படி வரிசை நிற்கும் இடம்தான் நல்ல இடம்.

பழைய சாமர்வில்:
வரிசையை வைத்து முடிவு செய்வதை நான் ஏற்கமாட்டேன். பாதிப் பேர் முன்னால் நிற்பவரைப் பார்த்துத்தான் நிற்கிறார்கள். நான் டெய்லி கேட்ச் என்ற கடையில் சாப்பிட்டேன். கைக்கெட்டும் தூரத்தில் அடுப்பு. கணவாய் மை போட்ட கறுப்புப் பாஸ்தா, வதக்கிய வாணலியோடே மேசைக்கு வந்தது. சமைப்பது கண்ணில் பட்டால் போதும், உட்காரலாம்.

அப்புறம், சைவக்காரர்கள் நெத்திலியை மட்டும் கேட்டால் போதாது. ரிசோட்டோ என்ற குழைந்த அரிசிச் சமையலில் கோழிச்சாறு ஊற்றுவார்கள். அசல் பார்மிஜானோ சீஸில் பாலை உறைய வைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் உண்டு. காரை எடுத்துப் போகாதீர்கள், ஹேமார்க்கெட் ரயில் நிலையத்தில் இறங்கி நடங்கள். ஆகஸ்ட் கடைசியில் புனித அந்தோணியார் திருவிழா, அந்த நாட்களில் உட்கார இடம் தேட வேண்டாம், தெருக்கடைகளிலேயே சாப்பிடுங்கள். பல கடைகளில் இனிப்பே கிடையாது. கிரீம் அடைத்த குழல் இனிப்பான கனோலிக்குத் தனியாகப் போக வேண்டும். கேட்ட பிறகு கிரீம் அடைத்துத் தரும் கடையாகப் பாருங்கள், முன்பே அடைத்து வைத்தால் ஓடு நமத்துப்போகும். ராத்திரி வெகுநேரம் ஆகிவிட்டால் சேலம் தெரு மூலையில் போவா பேக்கரி.

மால்டன் மல்லி:
அண்ணா, நான் கடை எதுவும் கேட்கவில்லையே. கூடாது என்று சொல்லியும் நெத்திலியைப் போட்டுக் கொடுத்தார்களே, அதைத்தான் சொன்னேன்.

தேநீர்ப் பிரியை:
மல்லி, எங்கள் மாமியாருக்கும் இதே பயம்தான். தாச்சர் தெருவில் 1926லிருந்து இருக்கும் ரெஜினா பீட்சாக் கடைக்குக் கூட்டிப்போனேன். வெறும் சீஸ் பீட்சா, விளிம்பு கருகக் கருக வந்தது. முதல் துண்டை முகர்ந்து பார்த்தார், இரண்டாவதை முகரவில்லை. அம்மாவுக்குச் சீஸ் பரவாயில்லை என்றால் கூட்டிப்போங்கள், சனிக்கிழமை மட்டும் வேண்டாம்.