நாய் முத்துவுக்குப் பச்சைக் கறியா? – ‘மேலத்தெரு வீடு’ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாலை

கார்த்திக்: அம்மா, முத்துவின் தீவன மூட்டை தீர்ந்தால் புதிதாக வாங்க வேண்டாம். இனி அவனுக்குப் பச்சைக் கறிதான்.

வசந்தா: என்ன கறி?

கார்த்திக்: சமைக்காத கறி அம்மா. கோழி, ஆட்டு ஈரல், நுரையீரல், எலும்பு எல்லாம் சேர்த்து. கடைக்காரரிடம் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை முதல் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்.

வசந்தா: புதன்கிழமை புரட்டாசி பிறக்கிறது.

மீனாட்சி: பெருமாளே!

கயல்: நான் வெள்ளிக்கிழமை காலை பொதிகையில் வருகிறேன். அது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

வசந்தா: கீழ் அறையைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டேன் கண்ணு. அப்பா ஸ்டேஷனுக்கு வருவார்.

முருகேசன்: நாய்க்கு ஏது புரட்டாசி, ஐப்பசி? கொடுக்கட்டும் அக்கா.

மீனாட்சி: நாய்க்கு இல்லை, வீட்டுக்கு உண்டு. அதே ஃப்ரிட்ஜில்தான் சனிக்கிழமைத் தளிகைக்கு மாவும் இருக்கும்.

கார்த்திக்: அத்தை, தனி டப்பாவில் வைத்து ஃப்ரீசரில் போட்டால் போதும். உறைந்துவிட்டால் கிருமி எல்லாம் செத்துவிடும்.

கோபால்: சாகாது. வருகிறேன், இரு.

முருகேசன்: மச்சான் எழுத உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

வசந்தா: எவ்வளவு கறி வேண்டும் என்று சொல்லவே இல்லையே தம்பி?

கார்த்திக்: உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம். முத்து 24 கிலோ. ஒரு நாளைக்கு 600 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். நூறு பங்கில் 80 சதைக் கறி, 10 எலும்பு, 10 உள்ளுறுப்பு. அந்தப் பத்தில் பாதி ஈரல்.

வசந்தா: அப்படியானால் மாதம் 18 கிலோ! இந்த வீட்டில் தீபாவளிக்குக்கூட அவ்வளவு எடுத்ததில்லை.

செல்வம்: மாப்பிள்ளை விருந்துக்கு எத்தனை கிலோ எடுத்தீர்கள் என்று இப்போது கேட்கலாமா அத்தை?

கயல்: நீங்கள் சும்மா இருங்கள்.

கோபால்: கார்த்திக், உன் அக்கறை புரிகிறது. முத்து சொறிந்துகொண்டே இருக்கிறான், உனக்கு மனம் பொறுக்கவில்லை. ஆனால் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். உறையவைத்தால் சில புழுக்கள் சாகும். சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் தூங்கும், அவ்வளவுதான். கறி இளகியதும் எழுந்துகொள்ளும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நாய் பூனைகளுக்கென்று விற்கும் பச்சை இறைச்சியில் 196 மாதிரிகளைப் பரிசோதித்தது. 15இல் சால்மோனெல்லா, 32இல் லிஸ்டீரியா. அவையும் பெரும்பாலும் உறைந்த பொட்டலங்கள்தான். லிஸ்டீரியா கர்ப்பிணிகளுக்கு எவ்வளவு ஆபத்து என்று கயலின் டாக்டரிடமே கேட்டுப் பார். எட்டாம் மாதம் நடக்கிறது. நாய் அந்தத் தட்டை நக்கிவிட்டு வந்து அவள் கையை நக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாமலே போகலாம், அதன் சாணத்தில் கிருமி போய்க்கொண்டிருக்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012லேயே பச்சை இறைச்சி வேண்டாம் என்று கொள்கையாகச் சொல்லிவிட்டது.

மீனாட்சி: கேட்டாயா?

கயல்: படித்தேன் சித்தப்பா.

வசந்தா: கடைக்காரருக்கு உடனே போன் போடு கார்த்திக்.

கார்த்திக்: சித்தப்பா, இந்த முறையைப் பரப்பியவரே ஒரு கால்நடை மருத்துவர்தான். ஆஸ்திரேலியாவில் இயன் பில்லிங்ஹர்ஸ்ட், 1993இல். ஓநாய் சமைத்தா சாப்பிடுகிறது? என் நண்பனின் லாப்ரடாரைப் பாருங்கள், முடி பளபளவென்று இருக்கிறது. சாணம் பாதியாகக் குறைந்துவிட்டது, நாற்றமும் இல்லை.

முருகேசன்: சாணம் குறைவது நல்ல செய்தி. தெருவில் அள்ளுகிறவர் அத்தான்தானே.

கோபால்: அது உண்மைதான், மறுக்கவில்லை. கறி நன்றாகச் செரிக்கும், கழிவு குறையும். கொழுப்பு சேர்ந்தால் முடியும் பளபளக்கும். ஆனால் நாய் ஓநாய் இல்லை. 2013இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இதைத்தான் சொன்னது: மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டே பிரதி, நாய்க்கு நான்கு முதல் முப்பது வரை. மனிதன் அருகில் வந்து நம் சோற்றைத் தின்று மாறிய பிராணி அது. நம் அப்பா வளர்த்த நாய்கள் எதைத் தின்று ஓடின? கம்பங்கூழும் மோரும். என்றாவது கறி. முயலை விரட்டினால் விடாது.

மீனாட்சி: வெள்ளையன் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து தார் ரோடு வரை ஒரே மூச்சு.

கோபால்: 2005இல் அஞ்சல் துறை இராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டபோது அப்பா முதல் ஆளாகப் போய் வாங்கினார். முதோல், ராம்பூர், இமாலய ஆட்டுநாய் என்று நான்கும் சேர்ந்து வந்தன. அந்த ஆல்பம் இப்போது எங்கே இருக்கிறது என்று மீனாட்சிக்குத் தெரியும்.

மீனாட்சி: அப்பா என் கையில் கொடுத்தது அண்ணா. எல்லோரும் பார்க்கத்தான் கொடுத்தார்.

மீனாட்சி: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

வசந்தா: இரண்டு பேரும் இப்போது இதை எடுக்க வேண்டாம்.

முருகேசன்: எங்கள் அப்பாவும் ஒரு பழைய ரேடியோ வைத்திருந்தார். அது யாரிடம் இருக்கிறது என்று நானும் கேட்கலாம்.

வசந்தா: முருகேசா!

செல்வம்: சித்தப்பா, ஈரல், நுரையீரல் கொடுப்பது பற்றிச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் ஆட்டுக்கடை வாசலில் நாய்களுக்கு அதைத்தான் வீசுகிறார்கள்.

கோபால்: நல்ல இடத்தைத் தொட்டீர்கள் மாப்பிள்ளை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். அறுவைக்கூடத்தில் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு நாடாப்புழுவின் குஞ்சுப்பருவம். அந்த உறுப்பை நாய் பச்சையாகத் தின்றால் குடலில் புழு வளரும். சில மில்லிமீட்டர் நீளம்தான், கண்ணுக்கே சரியாகத் தெரியாது. நாய் துள்ளிக் குதித்துக்கொண்டிருக்கும். புழுவின் முட்டை சாணத்தில் வரும், முடியில் ஒட்டும். தடவிய கையோடு சாப்பிட்டால் நமக்குள் போகும். பிறகு மனிதனின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி, வருடக்கணக்கில் மெதுவாக வளரும். கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் பல பேருக்கு. நன்றாக வேகவைத்தால் இந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். அதனால் ஆட்டு உள்ளுறுப்பை ஒருபோதும் பச்சையாகக் கொடுக்காதே கார்த்திக். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முத்துவுக்குப் பூச்சி மருந்து எப்போது கொடுத்தது?

வசந்தா: அவருக்குத்தான் தெரியும். தூங்குகிறார்.

கயல்: அப்படியென்றால் நான் வந்து முத்துவைத் தொடலாமா, கூடாதா?

கோபால்: தாராளமாகத் தொடு அம்மா. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அவனை முகத்தை நக்க விடாதே. நாளைக்கே மருந்து கொடுத்துவிடச் சொல்கிறேன்.

கார்த்திக்: சரி, ஈரல், நுரையீரல் வேண்டாம். ஆனால் பாக்கெட் தீனியில்தான் அரிப்பே வருகிறது சித்தப்பா. அதை யாரும் பேசவில்லை.

கோபால்: அந்த மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது? மதினி, படம் எடுத்துப் போடுங்கள்.

வசந்தா: (படம்)

கோபால்: கோழி. நீ மாற்றப்போவதும் கோழி. உணவு ஒவ்வாமை என்றால் அது புரதத்தால் வருவது. கோழி உருண்டையாக இருந்தாலும் பச்சையாக இருந்தாலும் அதே கோழிதான். நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால், கோழி. அதைக் கண்டுபிடிக்க இதுவரை தின்னாத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் உண்ணியா, சொறியா என்று பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால், தொடையிடுக்கில் பார்த்தீர்களா?

வசந்தா: காதில் இரண்டு உண்ணி எடுத்தேன் போன வாரம்.

கார்த்திக்: அம்மா, என்னிடம் சொல்லவே இல்லையே.

வசந்தா: நீ கேட்கவில்லையே தம்பி. வீடியோவில் வந்தாலும் நாய் முகத்தைத்தான் காட்டச் சொல்கிறாய்.

முருகேசன்: முகத்தைக் காட்டினாலாவது ஒரு எலும்பு போடுவேன் நான்.

கோபால்: நீங்கள் எலும்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆடிக் கிடாவெட்டில் பிரியாணி எலும்பைப் போட்டு, மறுநாள் அவன் முக்கிக்கொண்டு நின்றதை நாங்கள் பார்த்தோம். வெந்த எலும்பு கண்ணாடி மாதிரி உடையும், குடலைக் கிழிக்கும்.

முருகேசன்: ஒரே ஒரு எலும்பு. அதை மூன்று பண்டிகையாகச் சொல்லிக் காட்டுகிறீர்கள். கிடா வாங்கிக் கொடுத்தது யார் என்று யாரும் சொல்வதில்லை.

மீனாட்சி: கிடா அருமையான கிடா தம்பி. அதில் குறை இல்லை.

செல்வம்: பச்சை எலும்பு கொடுக்கலாமா?

கோபால்: வெந்ததைவிடப் பரவாயில்லை. ஆனால் மாட்டுத் தொடை எலும்பு மாதிரி கெட்டியானதைக் கடித்தால் பல்லே உடையும். கிருமி விஷயம் அப்படியே இருக்கிறது.

கார்த்திக்: அப்படியானால் வேகவைத்துக் கொடுக்கலாம் என்கிறீர்களா? பாக்கெட் தீனியை விட்டால் போதும் எனக்கு.

கோபால்: கொடுக்கலாம். ஆனால் கறியும் சோறும் மட்டும் என்றால் கால்சியம் பற்றாது. கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். குட்டியாக இருந்தால் கால் வளைந்துவிடும். முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, காயவைத்து, மாவாகப் பொடித்து, அரைக் கிலோ கறிக்கு அரைத் தேக்கரண்டி போல் சேர்ப்பார்கள். அளவை டாக்டர் சொல்லட்டும். ஈரலை வேகவைத்துக் கொஞ்சமாக. கூடினால் வைட்டமின் ஏ மிகுந்துவிடும். வெங்காயம், பூண்டு, திராட்சை கூடவே கூடாது. ஆகவே நம் குழம்புக் கறியைக் கழுவிப் போடுவதும் கூடாது மதினி.

வசந்தா: நான் அப்படிப் போட்டதே இல்லை.

கயல்: அம்மா...

வசந்தா: கழுவித்தானே போட்டேன்.

கோபால்: எதற்கு மாறினாலும் ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பழைய தீனி முக்கால், புதியது கால். பிறகு பாதி, பாதி. திடீரென்று மாற்றினால் கயல் வந்து இறங்கும்போது முற்றம் முழுவதும் வயிற்றுப்போக்குதான்.

மீனாட்சி: புரட்டாசியில் வீட்டுக்குள் கறி வேகவைக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

முருகேசன்: முட்டை?

மீனாட்சி: அதுவும்தான்.

கார்த்திக்: தோட்டத்து அடுப்பில் வைக்கலாமே அத்தை?

மீனாட்சி: தோட்டமும் வீடுதான். சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு மலையேறப் போகிறோம், தளிகை போடுகிறோம். மதினி, நீங்கள் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

வசந்தா: அவர் எழுந்ததும் கேட்கிறேன்.

முருகேசன்: அத்தான் எழுந்து ‘உங்கள் இஷ்டம்’ என்பார். நான் இப்போதே எழுதித் தருகிறேன்.

செல்வம்: ஐப்பசி வரை பழைய தீனியே ஓடட்டும். அதற்குள் தோலைப் பார்த்துவிடலாம்.

கோபால்: அதுதான் என் யோசனையும். ராமையன்பட்டிக் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோனால் தோலைச் சுரண்டிப் பரிசோதித்துச் சொல்லிவிடுவார்கள். திங்கள்கிழமை கார் கிடைக்குமா?

முருகேசன்: கார் தருகிறேன். நாயை நடு சீட்டில் ஏற்ற மாட்டேன்.

கார்த்திக்: கடைக்காரருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். முதல் வாரக் கறியை என்ன செய்வது?

முருகேசன்: எங்கள் வீட்டுக்கு அனுப்பு. நாங்கள் பெருமாளுக்குச் சனிக்கிழமை மட்டும்தான்.

வசந்தா: கார்த்திக், நீ எப்போது வருகிறாய்? அதைச் சொல் முதலில்.

கார்த்திக்: லீவு கேட்டிருக்கிறேன் அம்மா.

மீனாட்சி: ஐப்பசி முதல் தேதி பற்றி யார் முடிவு சொல்வது? கறியா, தீனியா?

கோபால்: பரிசோதனை முடியட்டும். நான் விரிவாக எழுதுகிறேன்.

கயல்: எஸ்7இல் மேல் படுக்கை போட்டிருக்கிறார்கள். யாருக்காவது ரயில்வேயில் ஆள் தெரியுமா?